பாக்கியம் அம்மாள் சொன்னபடியே

சென்ற மாதம் ஒரு பிற்பகல் எனக்குத் தொலைபேசி வந்தது. கோர்ட்டில் தட்டச்சராகச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் பேசினார். என் பெயரை அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், ஒரு சந்தேகங்க. சாட்சி ஒரு கெட்ட வார்த்தை சொல்றாங்க. அதை அப்படியே அடிக்கணுமா, இல்ல முதல் எழுத்தை மட்டும் அடிச்சிட்டுப் புள்ளி வைக்கலாமா? இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"அப்படியே அடிங்க" என்றேன்.

"அசிங்கமா இருக்குமே மேடம்?"

"இருக்கட்டும். வழக்கே அந்த அசிங்கத்துக்காகத்தானே?"

அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார். பெண்களைக் குறித்து இன்னின்ன சொற்களைக் கோர்ட்டுத் தாள்களில் எழுதக் கூடாது என்று இப்போது பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். நான் வேலை பார்த்த காலத்தில் தீர்ப்புகளிலேயே பெண்ணை எப்படியெல்லாம் எழுதினார்கள் என்பதை அடித்த விரல்கள் இவை. ஆனாலும், எழுதக் கூடாத சொல்லை எழுதியே தீர வேண்டிய ஓர் இடம் உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வழக்கில். முதலில் தப்புச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா பண்ணையாள். அப்பா மிஷன் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் ஆசிரியரானவர். எனக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார். மாயவரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் என்ற உயர்நிலைத் தேர்வு தேறி, அரசுத் தேர்வு எழுதி, எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குப் போனேன். வயது இருபத்திரண்டு. கிழக்கே கடற்கரையை நோக்கிப் போகும் சாலையில் ஒரு சிற்றூர். அங்கே ஓடு வேய்ந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டு. அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கிய பெண் நான் ஒருத்திதான்.

அப்போது சினிமாவில் டைப்பிஸ்ட் என்றால் ஒரு அச்சு இருந்தது. கைப்பை, குதி உயர்ந்த செருப்பு, முதலாளியின் அறைக்குள் போகும்போது ஒரு சிரிப்பு. கெட்டவளாக இருந்தால் முதலாளியைக் கவிழ்ப்பாள். நல்லவளாக இருந்தால் கடைசிக் காட்சியில் வேலையை விட்டுவிட்டுத் தலை குனிந்து தாலி கட்டிக்கொள்வாள். மெஷினில் அவள் என்ன அடித்தாள் என்பதை எந்தப் படத்திலும் காட்டி நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கினால் பையன்கள் வாயாலேயே டக்டக்கென்று சத்தம் எழுப்புவார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டைப்பிஸ்டுன்னாங்களா, நான் வேற மாதிரி நெனச்சிக்கிட்டு வந்தேன். பொண்ணு அடக்கமாத்தான் இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு, "கல்யாணத்துக்கப்புறம் ஆம்பளை ஆபீசர் பக்கத்துல உக்காந்து அடிக்கிற வேலையெல்லாம் வேணாம்" என்றார். அப்பா பலகாரத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். அதோடு அது முடிந்தது. மூன்று வருடம் கழித்து என்னைக் கட்டிக்கொண்டவர் தபால்காரர். என் வேலையைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, "மெஷின் என்ன மேக்கு?" என்பதுதான்.

இனி வேலைக்கு வருகிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. சாட்சி பேசுவதைக் கோர்ட்டுத் தட்டச்சர் அடிப்பதில்லை. சாட்சி கூண்டில் நின்று சொல்வார். மாஜிஸ்திரேட் கேட்பார். கேட்டதைத் தன் வாக்கியமாக்கிச் சொல்வார். அவர் வாயிலிருந்து வருவதைத்தான் நாங்கள் அடிப்போம். முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். சாட்சி திருத்தம் சொன்னால் திருத்த வேண்டும். பிறகு கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. அடியில் 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி. சட்டம் அப்படி. நடைமுறையில் அந்தப் படித்துக் காட்டலை ஒரே மூச்சில், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓட்டிவிடுவோம். அடுத்த வழக்குக்கு ஆள் வாசலில் நிற்கும்.

நான் சேர்ந்த புதிதில் எல்லாம் ஆங்கிலம். ஒரு பெண் கால் மணி நேரம் அழுது, தன்னை எவன் என்ன சொன்னான், யார் யார் நின்று பார்த்தார்கள் என்று சொல்லி முடிப்பார். மாஜிஸ்திரேட் அதை ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்வார்: என்னைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். எந்த ஊர்ப் பெண்ணானாலும், எந்தச் சொல்லானாலும் அதே வரி. அதை அடிக்க எனக்குக் கண் கூடத் தேவைப்படவில்லை. தலைப்பில் தொழில் என்று ஓர் இடம் இருக்கும். ஆண்கள் வந்தால் 'விவசாயக் கூலி'. சேற்றுக் காலோடு பெண் வந்து நின்றாலும் மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே உட்காரும் பெஞ்ச் கிளார்க் 'வீட்டு வேலை' என்றே எழுதுவார். கேட்கவே மாட்டார்.

பிறகு கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்ற உத்தரவு வந்தது. எங்களுக்குத் தமிழ் மெஷின் வந்தது. கூடவே புது மாஜிஸ்திரேட்டும் வந்தார். பெயர் அறவாழி. பெற்றோர் வைத்த பெயர் வேறு. கல்லூரி நாட்களில் மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். 'கோர்ட்' என்று சொல்ல மாட்டார், 'மன்றம்' என்பார். அவருக்கு முன்னால் இருந்தவர் என்னை "ஏம்மா, இந்தா" என்றுதான் கூப்பிடுவார். இவர் முதல் நாளே, "அம்மா, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலி சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். மின்விசிறிக்குக் கீழே என் மேசையை நகர்த்தச் சொன்னார். வாக்கியம் சொல்லும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கால்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார். சந்தி பிழையானால் தாளை மாற்றச் சொல்வார், கோபப்படாமல். கூண்டில் ஏறும் எந்தப் பெண்ணையும் 'அம்மா' என்றுதான் அழைப்பார். அவரைப் போல மரியாதை தெரிந்த ஒரு மேலதிகாரியின் கீழ் நான் பிறகு வேலை செய்ததே இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அந்த வருடங்களில் எங்கள் கோர்ட்டுக்கு வந்த வழக்குகளில் பாதி வயலிலிருந்து வந்தவை. நாற்றைப் பிடுங்கிப் போட்டது, வரப்பை வெட்டியது, வெளியூர் ஆளை இறக்கியது, கொடியை அறுத்தது. கட்சிக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் வேப்பமரத்தடியில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். பாக்கியம் அம்மாள் அப்படி ஒரு வழக்கில்தான் வந்தார்.

குறுவை அறுப்பு. கூலித் தகராறில் உள்ளூர் ஆட்களை நிறுத்திவிட்டு, ஒரு பண்ணையில் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளூர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வயலுக்குப் போகும் பாதையில் மறித்து நின்றார்கள். முன்னால் நின்றவர் பாக்கியம். நாற்பத்தைந்து வயது, கணவன் இல்லை. பண்ணை ஏஜெண்ட் வந்தார். இருபத்தாறு வயது இளைஞர். பாக்கியத்தைப் பார்த்துச் சில வார்த்தைகள் சொன்னார். "மரியாதையாப் பேசு தம்பி" என்றார் பாக்கியம். அதற்கு மேலும் சில வார்த்தைகள். பாக்கியத்தின் கொண்டையைப் பிடித்து இழுத்து வாய்க்காலில் தள்ளினார். இதுதான் போலீஸ் போட்ட வழக்கு. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கு ஒரு பிரிவு, தாக்கியதற்கு ஒரு பிரிவு.

மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, "நான் அங்க இல்லீங்க", "எனக்குக் காது மந்தங்க", "பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் குடியிருந்த மனை அந்தப் பண்ணையுடையது. பாக்கியம் மட்டும் ஏறி நின்று, கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொன்னார். இளைஞர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னார். மூன்று சொற்கள்.

 சாட்சிகளைக் கூப்பிடும் டவாலி சுவரைப் பார்த்தார். மாஜிஸ்திரேட்டின் கழுத்து சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணை மூடி, என்னிடம் சொன்னார்:

"எதிரி என்னை இழிசொற்களால் ஏசி, கால்புள்ளி, என் பெண்மைக்கு மாசு கற்பித்தார், முற்றுப்புள்ளி."

கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள். நான் அடித்தேன். அழகான வாக்கியம் என்று கூட நினைத்தேன். ஆங்கிலத்தில் செத்துக் கிடந்த அந்த வரியை விட எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

முடிந்ததும் படித்துக் காட்டினேன், வழக்கமான வேகத்தில். அந்த வரி வந்ததும் பாக்கியம், "நிறுத்துங்க" என்றார்.

"என்னம்மா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"நான் அப்படிச் சொல்லலீங்களே அய்யா."

"பொருள் அதுதானே அம்மா. நீங்கள் சொன்னதை நல்ல சொல்லில் எழுதியிருக்கிறோம்."

"அவுரு நல்ல சொல்லா சொல்லலீங்களே."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பொறுமையாக, "உங்கள் மானத்தைக் காப்பதற்குத்தான் அம்மா இப்படி எழுதுகிறோம். இந்தத் தாள் பல பேர் கைக்குப் போகும்" என்றார். பாக்கியம் என்னைப் பார்த்தார். நான் பெண் என்பதால் பார்த்திருக்கலாம். சாட்சி திருத்தம் சொன்னால் திருத்த வேண்டும், ஒப்புக்கொள்ளாவிட்டால் அதைக் குறிப்பாகவாவது எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் தாளைப் பார்த்தேன். பெஞ்ச் கிளார்க் மைப் பெட்டியை நீட்டினார். பாக்கியம் இடது கைப் பெருவிரலை வைத்தார். 'சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்ற வரியை நான் முன்னமே அடித்து வைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து வாதம் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், நேர்மையானவரும் கூட. தன் கட்சிக்காரருக்காகத் தன் வேலையைச் செய்தார். நான் அடித்த தாளை எடுத்து, அந்த வரியை உரக்கப் படித்தார். மேடைப் பேச்சுப் போலவே நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'என் பெண்மைக்கு மாசு கற்பித்தார்.' இது நடவு நடுற பொம்பளை பேசுற பேச்சாங்க யுவர் ஆனர்? சினிமாவுல கதாநாயகி கோர்ட்டுக் கூண்டுல நின்னு பேசுற வசனம். யாரோ எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்க. மத்த சாட்சி எல்லாம் இல்லைன்னு போயிட்டாங்க. இருக்கிற ஒரே சாட்சியும் சொல்லிக் குடுத்த சாட்சி. அது மட்டுமில்லீங்க. என்ன வார்த்தை சொன்னாருன்னே இதுல இல்லை. எந்த வார்த்தைன்னு தெரியாம அது ஆபாசமா இல்லையான்னு இந்தக் கோர்ட்டு எப்படி முடிவு பண்ணும்?"

கூட்டம் சிரித்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாக்கியத்துக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

உணவு இடைவேளையில் கையெழுத்துக்காக அவர் அறைக்குத் தாள்களைக் கொண்டுபோனேன். அவர் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவே இல்லை. கையெழுத்தெல்லாம் போட்டு முடித்தார். நான் நகரவில்லை.

"என்னம்மா?" என்றார்.

"அந்த வசனம் அந்த அம்மாவோடது இல்லீங்க அய்யா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அது உங்க தமிழுங்க. நான்தான் அடிச்சேன். அந்த அம்மா அப்பவே இல்லைன்னு சொன்னாங்க."

வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அந்தச் சொல்லை என்னால் வாயால் சொல்ல முடியாது அம்மா. ஒரு பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்?" என்றார்.

"அந்த அம்மா அதைக் காதால கேக்க வேண்டியிருந்துச்சுங்களே."

அவர் பிற்பகல் கோர்ட்டு கூடியதும், எந்தச் சாட்சியையும் எந்தக் கட்டத்திலும் திரும்ப அழைக்கக் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரத்தின்படி, பாக்கியத்தை மறுபடி விசாரிக்கப் போவதாக உத்தரவு சொன்னார். வக்கீல் ஆட்சேபித்தார். ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த நாள் வந்தது. செய்தி பரவி, நிற்க இடமில்லாத கூட்டம். பெஞ்ச் கிளார்க் எழுந்து, ஆபாசமான சாட்சியம் வரும்போது பெண்கள் வெளியே போவது வழக்கம் என்று நினைவுபடுத்தினார். மாஜிஸ்திரேட் தலையசைத்தார். கூட்டத்தில் இருந்த நாலைந்து பெண்கள் எழுந்து போனார்கள். பெஞ்ச் கிளார்க் என் பக்கம் திரும்பி, "நீங்களும்தான் எஸ்தரம்மா. நான் கையால எழுதிக்கிறேன்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

எழ வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கை மெஷினின் மேல் இருந்தது. பாக்கியம் கூண்டிலிருந்து பேசினார்.

"அந்தப் பொண்ணு இருக்கட்டுங்க அய்யா. அவுரு என்னைச் சொன்னப்ப சுத்தி நின்னது பூரா பொம்பளைங்கதான். அவங்களை யாரும் வெளிய போவச் சொல்லல."

நான் உட்கார்ந்திருந்தேன். "என் வேலைங்க அய்யா, நானே அடிக்கிறேன்" என்றேன்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இன்று நான் வாக்கியம் சொல்லப் போவதில்லை. அந்த அம்மா சொல்வதை நேராக அடியுங்கள். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்" என்றார். இருபது வருடம் கோர்ட்டில் இருந்த டவாலி திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு காரியம் அங்கே நடந்ததில்லை.

முதலில் தொழில் என்ன என்று நானே கேட்டேன். "நடவு, களை, அறுப்பு, எல்லாந்தான்" என்றார். அப்படியே அடித்தேன்.

பிறகு அந்த மூன்று சொற்கள். முதலாவது 'ஏண்டி'. இரண்டாவது, அவருடைய சாதிப் பெயரைச் சொல்லி அதோடு சேர்த்த 'சிறுக்கி'. மூன்றாவதை இங்கே எழுதப் போவதில்லை. இது படிக்கிறவர்களுக்கான கட்டுரை. அங்கே எழுத வேண்டியிருந்தது, எழுதினேன். அதை அடிக்கும்போது ஒரு கணம் விரல் நின்றது. காதால் ஆயிரம் முறை கேட்ட சொல், எழுதி ஒருமுறை கூடப் பார்த்ததில்லை. எழுத்துக்கூட்டல் தெரியவில்லை. ஓர் ஆணுக்கு அதே பொருளில் தமிழில் ஒரு சொல் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆணைத் திட்ட வேண்டுமானாலும் அவன் அம்மாவை அந்தச் சொல்லால் சொல்லித்தான் திட்டுவார்கள். பாக்கியம் சொன்ன ஓசைப்படியே அடித்தேன்.

வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"இந்த வார்த்தையெல்லாம் உங்க தெருவுல சர்வசாதாரணமாப் பேசுறதுதானே?"

"பேசுவாங்க."

"ஆம்பளை பொம்பளைய 'ஏண்டி'ங்கிறது ஊர் வழக்கந்தானே? உன் புருசன் உன்னை எப்படிக் கூப்பிட்டாரு?"

"'ஏ புள்ள'ன்னு கூப்பிடுவாரு. 'ஏண்டி'ன்னும் கூப்பிடுவாரு. அவுரு புருசன். இவுரு எம் மூத்த மவன் வயசுப் புள்ள."

"சினிமா பாப்பியா?"

"பாப்பேங்க. டூரிங் கொட்டாயில, தரை டிக்கெட்டு."

"அதுல கதாநாயகன் கதாநாயகிய 'வாடி, போடி'ங்கிறான். கன்னத்துல அறையறான். சனங்க கை தட்டுறாங்க. நீயும் தட்டியிருப்ப இல்ல?"

 நான் சாவிகளின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

"தட்டியிருக்கேங்க" என்றார் பாக்கியம். "திமிர் புடிச்ச பொண்ணு, அறை வாங்கினதும் அடங்கிப்போவும். எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன். ஏன் தட்டுனேன்னு இப்ப கேட்டா எனக்குத் தெரியலீங்க. ஆனா அந்தப் பொண்ணு படம் முடிஞ்சதும் மூஞ்சியக் கழுவிக்கிட்டுக் கார்ல ஏறி வூட்டுக்குப் போயிடும். நான் மறுநாளு அதே வயலுக்குத்தான் போவணும். அங்க எம் மவளும் நிக்கிறா. அவளும் நடவு நடுறவதான். நாளைக்கு அவளையும் இந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

படித்துக் காட்ட எழுந்து நின்றேன். அதுவரை நான் உட்கார்ந்துதான் படிப்பேன். ஒவ்வொரு வரியாக, அவர் பேசிய வேகத்தில் படித்தேன். ஞாயிறுதோறும் கோவிலில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல் என்னுடையது. அந்தக் குரலில் அந்த மூன்று சொற்களும் அந்தக் கூரைக்குக் கீழே கேட்டன. என் தாத்தாவின் மனைவியை, அப்பாவைப் பெற்றவரை, அந்த இரண்டாவது சொல்லால்தான் அழைத்திருப்பார்கள் என்று படிக்கும்போது தோன்றியது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்தது. ஏஜெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னதை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் காதால் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"சரிங்களா?" என்று கேட்டேன்.

"சரிங்க. இதைத்தான் சொன்னேன்" என்றார் பாக்கியம். விரலை அவரே மையில் தோய்த்து வைத்தார்.

தீர்ப்பில் தாக்கிய குற்றம் நிரூபணமாகவில்லை. மற்றச் சாட்சிகள் கைவிட்ட பிறகு மாஜிஸ்திரேட்டுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. திட்டிய குற்றம் நிரூபணமானது. கோர்ட்டு கலையும் வரை காவலில் இருக்க வேண்டும் என்பது தண்டனை. அவ்வளவுதான். பெரிய தண்டனையா என்று கேட்டால் இல்லை. கொண்டையைப் பிடித்து இழுத்ததற்கு ஒன்றுமே இல்லை. அன்று காலை பதினொரு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அந்த இளைஞர் பின் பெஞ்சில், கான்ஸ்டபிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சங்கக் கொடி பிடித்து வந்தவர்கள் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள். தீர்ப்பின் நடுவில் மாஜிஸ்திரேட் ஒரு வரி சொன்னார். கண்ணை மூடாமல், என்னைப் பார்த்தபடி சொன்னார்: முதல் விசாரணையில் சாட்சியின் சொற்களை மாற்றிப் பதிவு செய்தது இம்மன்றத்தின் பிழை; சாட்சியின் பிழை அன்று. ஒரு மாஜிஸ்திரேட் தன் தவறைத் தன் தீர்ப்பிலேயே எழுதியதை முப்பத்தாறு வருடச் சேவையில் நான் அடித்தது அந்த ஒரு முறைதான். சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. போகும் நாளில் என் மேசைக்கு வந்து, "நான் தமிழுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

மேல்முறையீட்டிலும் தண்டனை நின்றது. அதற்குப் பிறகு, தாளடி நடவு முடிந்த சமயம், பாக்கியம் அம்மாள் கோர்ட்டுக்கு வந்தார். தான் பேசிய தாளுக்கு நகல் வேண்டும் என்றார். மனு எழுத ஆள் பிடிக்கத் தெரியவில்லை. நானே எழுதிக் கொடுத்தேன்.

"படிக்கத் தெரியாதே, நகல் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.

பண்ணையில் இப்போது வேலை கொடுக்கிறார்களா என்று விசாரித்தேன். பேச்சுவார்த்தை முடிந்து எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்றார். அதே ஏஜெண்ட்தான்.

"இப்ப உங்களை எப்படிக் கூப்பிடுறாரு?"



"கூப்பிடுறதே இல்லீங்க. முன்னெல்லாம் வரப்பு மேல நின்னு அந்தப் பேரைச் சொல்லித்தான் வேலை ஏவுவாரு. இப்ப அதைச் சொல்ல முடியல. வேற எப்படிக் கூப்பிடுறதுன்னு அவுருக்குத் தெரியல போலருக்கு. பேரு பாக்கியந்தான்னு தெரியும், அது வாயில வரல. அம்மான்னும் வரல. அதனால ஒண்ணுமே சொல்லாம, வந்து நின்னு கையைக் காட்டுவாரு. இந்தப் பக்கம் நடு, அந்தப் பக்கம் நடுன்னு."

"அது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இல்லீங்க" என்றார். "வயலு அமைதியா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் தண்ணிச் சத்தந்தான் கேக்குது."